சிறுத்தையைப் பார்க்கப் போனவர்களைப் பந்திக்கு அழைத்தவருக்கு

தீபாவளிக்கு இன்னும் பல மாதம் கிடக்கிறது. பக்கத்தில் எந்தக் கோவிலிலும் கொடைவிழா நடக்கவில்லை. ஆனாலும் கொடியில் காய்ந்த என் வேட்டியில் வெடிமருந்து வாசம் அடிக்கிறது. காலையில் எடுத்து உதறியபோது மூக்கில் ஏறியது. உடனே உம் ஞாபகம் வந்துவிட்டது. உம்மை நினைக்க எனக்கு வாசம் எதுவும் தேவையில்லை. ஆனால் உட்கார்ந்து எழுதத் தோன்றியது அதனால்தான்.

பேட்டையில் எங்கள் தெருக்காரர்கள் சில நாட்களாக வெடி போட்டுக்கொண்டே இருந்தார்கள். சிறுத்தையை விரட்டுகிறார்களாம். மேற்கே மலையடிவாரத்தில் இருக்கிற அந்தச் சின்ன மிருகக்காட்சிச்சாலையிலிருந்து மறுபடியும் ஒன்று தப்பிவிட்டது. ஆமாம், மறுபடியும். நீர் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரே கூத்தை இரண்டாவது தடவை பார்க்கிறபோது உடம்பெல்லாம் அலுப்பாக இருக்கிறது.

கைபேசியைத் திறந்தால் சிறுத்தைதான். மேலப்பாளையத்தில் பார்த்ததாக ஒருவன் குரல் பதிவு அனுப்புகிறான். அதே நேரத்தில் ரயில் நிலையத்துத் தண்டவாளத்தில் பார்த்ததாக இன்னொருவன் சத்தியம் செய்கிறான். அவர்கள் சொன்ன இடத்தையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், நாம் இரண்டு பேரும் ஒரு நாளில் அடித்த டிரிப்பைவிட அந்தச் சிறுத்தை அதிகமாக அடித்திருக்கிறது. இருட்டில் ஒரு செவலை நாயைப் பார்த்துவிட்டு அதைக் கம்பால் அடித்தே கொன்றார்கள். பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டார்கள். என் மருமகள் வாசலில் குறுக்கே நின்றுகொண்டு, "மாமா, டீ வேணும்னா நான் போட்டுத் தாரேன். வெளிய எறங்காதிய" என்றாள். நேற்றோடு அந்தக் கூத்து முடிந்தது. எப்படி முடிந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் உம்முடைய சிறுத்தையைப் பற்றி எழுதிவிடுகிறேன்.

பாபநாசம் தடத்தில் நான் வண்டி ஓட்டினேன், நீர் சீட்டுக் கொடுத்தீர். எத்தனை வருஷம் என்று கணக்குப் பார்க்க இப்போது தெம்பில்லை. நான் பேச மாட்டேன். சாலையைப் பார்க்கவே எனக்குக் கண் போதாது. உமக்கோ வாய் ஓயாது. ஏறுகிற அத்தனை பேரையும் முறை வைத்துத்தான் கூப்பிடுவீர். "சித்தி, உள்ள போங்க. மச்சான், கால எடும். பெரியம்மா, கூடைய எங்கிட்டக் குடுங்க." முறை தெரியாத ஆள் ஏறினால், அடுத்த நிறுத்தம் வருவதற்குள் எந்த ஊர், யார் வீடு என்று விசாரித்து ஒரு முறையைக் கண்டுபிடித்துவிடுவீர். "முறை சொல்லிக் கூப்பிட்டுட்டா, சில்லறைக்குச் சண்டை போட மாட்டான் வே" என்று எனக்கு விளக்கம் வேறு. தடம் முழுக்க மாமனும் மச்சானும் இருந்து என்ன, பொங்கலுக்கு ஒரு கரும்பு கொண்டுவந்து கொடுத்த ஆள் உண்டா என்று நான் குத்திக் காட்டுவேன். நீர் விசிலை ஊதி என் வாயை அடைத்துவிடுவீர்.

உம் மகள் செல்வியின் கல்யாணம் நாம் இருவரும் ஓய்வு பெற்ற பிறகு ஒரு ஐப்பசியில் நடந்தது. அவளைச் சின்னப் பிள்ளையாக விட்டுவிட்டு உம் மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். அதன் பிறகு அந்த வீட்டில் அப்பாவும் மகளும் மட்டும்தான். மாப்பிள்ளைக்குச் சாத்தான்குளம். தாலி கட்டு அங்கே. மறுநாள், சேரன்மகாதேவி தாண்டி ஆற்றங்கரையில் இருக்கிற உம் ஊரில், மறுவீடு. பெண்ணையும் மாப்பிள்ளையையும் முதல் நாள் மாலையே அழைத்து வந்துவிட்டோம். சம்பந்தி வீட்டார் மறுநாள் வேன்களில் வந்து சொதிச் சாப்பாடு சாப்பிட வேண்டும்.

நம் பக்கத்தில் மறுவீட்டுச் சொதி சும்மா ஒரு தேங்காய்ப்பால் குழம்பு இல்லை. கல்யாணம் எப்படி என்று யாரும் கேட்க மாட்டார்கள், சொதி எப்படி என்றுதான் கேட்பார்கள். சம்பந்தி இலையில் அது விழுந்து, அவர்கள் தலையை ஆட்டினால்தான் பெண்ணைப் பெற்றவர் மூச்சு விடலாம். தாயில்லாப் பிள்ளை, அதனால் இப்படி என்று யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்பது உம் கவலை. தேங்காயை ஒவ்வொன்றாகக் காதருகே வைத்துத் தட்டிப் பார்த்து வாங்கினீர். கடைக்காரர் எரிச்சலில் எழுந்து உள்ளே போய்விட்டார்.

அந்த இரவு அடித்த மழையில் காட்சிச்சாலையில் ஒரு பெரிய மரம் கூண்டின் மேல் சாய்ந்து, சிறுத்தை வெளியே வந்துவிட்டது. விடிந்தபோது ஊர் கதவைச் சாத்தியிருந்தது. வாழைமரம் கட்டிய வாசலில் நாம் இருவர் மட்டும் நின்றோம். மைக்செட்டுக்காரன் யாருக்கென்று தெரியாமல் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டு அண்ணாச்சி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "தப்பா நினைக்காதியும் வே. பிள்ளைகள வச்சுக்கிட்டு எங்கன வர? சாப்பாட்ட வேணும்னா தூக்குவாளியில குடுத்து விடும்" என்றார். சாத்தான்குளத்திலிருந்து சம்பந்தியம்மாள் போனில் பேசினார். அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். "மொதல்ல அது பிடிபடட்டும், பொறவு வாறதப் பத்தி யோசிப்போம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

கொல்லையில் அண்டா அண்டாவாகச் சொதி. இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு, அப்பளம், பாயசம் எல்லாம் தயார். சமையலுக்கு வந்த தவசுப்பிள்ளை கரண்டியும் கையுமாக வந்து நின்றார். "அண்ணாச்சி, இது தேங்காப் பால் சமாச்சாரம். சாயங்காலம் வரைக்கும் தாங்காது. கெட்டுப் போச்சுன்னா என் மேல குத்தம் சொல்லப்பிடாது." நீர் அண்டாவை மூடித் திறந்து, மூடித் திறந்து பார்த்தீர்.

அப்போதுதான் ஒருவன் பைக்கில் கத்திக்கொண்டே போனான். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், மூடிக் கிடக்கிற அரிசி ஆலையின் சுவரை ஒட்டிய வாழைத் தோட்டத்தில் சிறுத்தை பதுங்கியிருக்கிறதாம்.

அந்த நிமிஷம் ஊர் திறந்துகொண்டதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். எங்கே இருந்தார்கள் இத்தனை பேரும்? பிள்ளைகளை வைத்துக்கொண்டு எங்கே வர என்று கேட்ட அந்த அண்ணாச்சி, ஒரு பிள்ளையைத் தோளில் வைத்து, இன்னொன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, உம் வீட்டு வாசல் வழியாகத்தான் ஓடினார். வாழைமரத்தில் இடித்துக்கொண்டு ஓடினார். கைபேசியைத் தலைக்கு மேலே பிடித்தபடி ஆண்களும் பெண்களும் போனார்கள். முக்கூடல், வீரவநல்லூர் பக்கத்திலிருந்தெல்லாம் பைக்குகள் வந்தன. ஒருவர் ஐஸ் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்.

நாமும் போய்ப் பார்த்தோம். ஒரு பக்கம் ஆலைச் சுவர், மற்ற மூன்று பக்கமும் சனம். நடுவில் வாழைகளுக்குள் எங்கோ அந்தப் பிராணி. வனத்துறை அதிகாரி சின்ன வயசுக்காரர், கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்தது. மயக்க ஊசி போடுகிற டாக்டர் துப்பாக்கியைத் தரையில் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். போலீஸ்காரர்கள் விரட்டினால் சனம் பத்தடி பின்னால் வந்து, இருபதடி முன்னால் போயிற்று. யாரோ ஒருவன் கல்லை எறிந்தான். உள்ளேயிருந்து ஓர் உறுமல் வந்தது. அதற்குக் கைதட்டல், விசில்.

அந்த அதிகாரி யாரிடம் சொல்வது என்று தெரியாமல் நம்மிடம் சொன்னார். "அரை மணி நேரம் இந்தக் கூட்டம் நகர்ந்தா போதும்யா, ஊசியப் போட்டிருவோம். இல்லன்னா அது யார் மேலயாவது பாயத்தான் போகுது. பாஞ்சிட்டா நாங்க சுடத்தான் வேணும். வேற வழி இல்ல." முன் வரிசையில் ஒரு பெண் இடுப்புப் பிள்ளையோடு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீர் அவளையே பார்த்தீர்.

அதே நேரத்தில் உம் சட்டைப் பையில் போன் அடித்தது. சம்பந்தியம்மாள்தான். சிறுத்தையை வளைத்துவிட்டார்கள் என்று டிவியில் சொல்லிவிட்டானாம். "வேன் கெளம்பிட்டு. இலை போடுத நேரத்துக்கு வந்துருவோம். ஒரு கொறயும் இருக்கப்பிடாது." நீர் சரி என்றீர். பிறகு ஒன்றும் பேசாமல் வீட்டைப் பார்த்து நடந்தீர். நீர் பேசாமல் நடந்தது எனக்குப் பயமாக இருந்தது.

செல்வி புதுச் சேலையில் முன்னறையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மாப்பிள்ளை.

"தாயி, ஒரு காரியம் கேக்கணும்" என்றீர். "இந்தச் சாப்பாட்ட வச்சுத்தான் அந்தக் கூட்டத்த நகட்ட முடியும்னு தோணுது. அப்படிச் செஞ்சா, உங்க மாமியாரு வந்து உக்காரும்போது இலையில விளம்ப ஒண்ணும் இருக்காது. நாளைக்கு அந்த வீட்டுல இருக்கப் போறது நீ. நீ வேண்டாம்னா வேண்டாம்."

அவள் மாப்பிள்ளையைப் பார்த்தாள். அந்தப் பையன் வாயே திறக்காதவன். "எங்கம்மா சும்மா விட மாட்டாவ" என்றான். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துவிட்டு, "கூப்பிடுங்க மாமா" என்றான்.

செல்வி எழுந்துவிட்டாள். "வெறுங்கையோட போயி வாங்கன்னா யாரு வருவா? தட்ட எடுங்கப்பா. வீட்டுப் பொம்பள இல்லாம வெத்தில வச்சா மதிக்க மாட்டாவ. நானும் வாறேன்."

நான் குறுக்கே விழுந்து தடுத்தேன். நேற்று கழுத்தில் தாலி ஏறிய பெண், காட்டு மிருகம் கிடக்கிற இடத்துக்கா போவது என்று கத்தினேன். என் கத்தலை யார் கேட்டீர்கள்? அவள் வெற்றிலை பாக்குத் தட்டை எடுத்துக்கொண்டாள். சந்தனக் கும்பாவை என் கையில் கொடுத்துவிட்டாள்.

நம் ஊரில் அது எப்படி என்று உமக்குத் தெரியும். வீட்டு ஆணும் பெண்ணும் சேர்ந்து வந்து, முறை சொல்லி, தட்டை நீட்டிவிட்டால் வராமல் இருக்க முடியாது. வராவிட்டால் உன் உறவே வேண்டாம் என்று முகத்தில் சொன்னதாக ஆகிவிடும். அழைக்காத வீட்டுக்குப் பசியோடு இருந்தாலும் போக மாட்டார்கள். அழைத்த வீட்டுக்கு வயிற்று வலியோடாவது போய்க் கையை நனைத்துவிட்டு வருவார்கள். போலீஸ் தடிக்கு நகராத சனம் இதற்கு நகரும் என்று உமக்குத்தான் தோன்றியது.

நான் நேராக முன் வரிசைக்குப் போகப் பார்த்தேன். நீர் என் தோளைப் பிடித்து இழுத்தீர். "அங்கன போவாதியும் வே. நெரிசல்ல மொதல்ல படிக்கட்டுல நிக்கவனத்தான் எறக்கணும். உள்ள நிக்கவன் தானா வருவான்." அப்படியே கூட்டத்தின் வாலிலிருந்து ஆரம்பித்தீர்.

முதலில் ஒரு பெரியவர். "மாமா, நம்ம செல்விக்கு மறுவீடு. நீங்க இல்லாம எப்படி இலை போட?" அவர், "ஏலே, இங்க சிறுத்தை..." என்று இழுத்தார். செல்வி தட்டை நீட்டி, "வாங்க தாத்தா" என்றாள். பழக்க தோஷத்தில் அவர் கை வெற்றிலையை எடுத்துவிட்டது. எடுத்த பிறகு என்ன செய்ய? துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்துத் திரும்பினார்.

அடுத்த ஆள் கோபக்காரர். "தாலி கட்டுக்கு நேர்ல வந்து சொல்லல. இப்ப மட்டும் நான் கண்ணுக்குத் தெரியுதேனோ?" நீர் இரண்டு கையையும் கூப்பினீர். "தப்புதான் மச்சான். மன்னிச்சுக்கிடும். மொதப் பந்தியில மொத இலை உமக்குத்தான்." அவர் தன் ஆட்களையெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு கிளம்பினார். முதல் பந்தி என்ற சொல் காதில் விழுந்ததும் நாலு வரிசை தள்ளி நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். இந்தச் சனத்தை என்ன சொல்ல? சிறுத்தையை விட்டாலும் விடுவார்கள், முதல் பந்தியை விட மாட்டார்கள்.

வெளியூர்ப் பையன்களிடம் பஸ்ஸில் கேட்பது போலவே கேட்டீர். "எந்த ஊரு தம்பி? முக்கூடலா? முக்கூடல்ல யாரு வீடு? அட, நீ நம்ம பெரியம்மா பேரனால்லா லே!" நிஜமோ பொய்யோ, அவன் பேரனாகி நடந்தான். உம் தொண்டை வறண்டு போயிற்று. செல்வி தட்டில் வெற்றிலை தீர்ந்து, வெறும் பாக்கை நீட்டினாள். அதையும் எடுத்துக்கொண்டார்கள்.

முன் வரிசைக்கு வந்தபோது வாழைத் தண்டுகளுக்கு நடுவில் இரண்டு கண்களை நான் பார்த்தேன். அங்கே நின்றவர்களை நீர் அழைக்கவே வேண்டியிருக்கவில்லை. தற்செயலாகத் திரும்பிப் பார்த்து, பின்னால் யாரும் இல்லை என்று தெரிந்ததும் அவர்கள் முகம் வெளிறிப் போயிற்று. தனியாக நிற்கிறபோதுதான் அது சிறுத்தை என்று அவர்களுக்கு உறைத்தது. இடுப்புப் பிள்ளைக்காரியைச் செல்வி கையைப் பிடித்தே கூட்டிக்கொண்டு போனாள்.

அதன் பிறகு ஊசி போட எவ்வளவு நேரமாயிற்று? பந்தி ஒருமுறை எழுந்திருப்பதற்குள் முடிந்துவிட்டது. கூண்டு வண்டியில் ஏற்றும்போது நீர் வந்து பார்த்தீர். விலா எலும்பு தெரிய, நாக்கு வெளியே தொங்க, மெலிந்து கிடந்தது. "இம்புட்டுத்தானா வே" என்றீர். பிறகு, "திரும்ப அந்தக் கூட்டுக்குள்ளதான போவுது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டீர். நமக்கு வேறு என்ன செய்யத் தெரியும்?

வேன் வந்து நின்றபோது அண்டாக்கள் காலி. தவசுப்பிள்ளை அவசரமாக உப்புமாவுக்கு ரவை வறுத்துக்கொண்டிருந்தார். சம்பந்தியம்மாள் வாசலில் கால் வைத்ததும் பார்த்தது தன் மகனைத்தான். மாப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டி, காலியான சொதி வாளியோடு, கடைசிப் பந்தியில் நின்றுகொண்டிருந்தான்.

"எம் மவன வாளி தூக்க வச்சிட்டிய" என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை. "வேடிக்க பாக்க வந்த கூட்டத்துக்கு இலையப் போட்டுட்டு, எங்களுக்கு உப்புமாவா? நல்லாருக்கு உங்க மரியாத." நீர் விளக்கிச் சொல்லப் பார்த்தீர். அவர் கேட்கவில்லை. யாரும் உட்காரவில்லை. பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு வேன் திரும்பிவிட்டது. செல்வி ஜன்னலிலிருந்து கையை ஆட்டினாள். நீர் கும்பிட்ட கையை இறக்காமல் நின்றீர். அன்று உம் வீட்டில் நீரும் நானும் தவிர ஊரே வயிறாரச் சாப்பிட்டது.

மறுநாளிலிருந்து அது ஒரு நகைச்சுவையாகிவிட்டது. யாரோ எடுத்த படத்தில், சிறுத்தைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சனம் பந்திக்கு ஓடுகிறது. அதற்குப் பாட்டுச் சேர்த்து, எழுத்துச் சேர்த்து, ஊர் உலகமெல்லாம் சுற்றிற்று. ஒரு உயிரும் போகவில்லை என்பதை யாரும் பேசவில்லை. சாத்தான்குளம் கடைத்தெருவில் செல்வியைச் சொதி வீட்டுப் பெண் என்று சொல்லிச் சிரித்தார்களாம். மாமியார் அதைச் சாக்காக வைத்து வருஷக்கணக்கில் குத்தினார். மாப்பிள்ளை நல்லவன் என்பதால் அவள் தாங்கிக்கொண்டாள்.

நீர் பழம், வெற்றிலை வாங்கிக்கொண்டு சாத்தான்குளம் போனீர். ஒருமுறை இல்லை, பலமுறை. போய் வந்து, "நல்லா கவனிச்சாவ வே" என்பீர். ஒருமுறை நானும் கூட வந்தேன். நான் கடையில் நின்றுகொண்டு பார்த்தேன். அந்த வெயிலில் வாசலில் நின்றீர். சம்பந்தியம்மாள் உள்ளேயிருந்தே, "எங்க வீட்டுக்காரரு வெளிய போயிருக்காவ" என்றார். உட்காருங்கள் என்று ஒரு சொல் இல்லை. நீர் பையை வாசலில் வைத்துவிட்டு வந்தீர். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோதுதான், வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தவர் நிறுத்தி, "உக்காருன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் வே" என்றீர். யார் என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. உம் சாவுக்கு அவர்கள் வந்தார்கள். தெருவிலேயே நின்றுவிட்டுப் போனார்கள்.

இப்போது இந்தச் சிறுத்தை. நேற்றுக் காலையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், பூட்டிக் கிடக்கிற பட்டறை ஒன்றின் மதில் சூழ்ந்த வளவுக்குள் அது இருக்கிறது என்று தகவல் வந்தது. பேட்டை முழுக்க அங்கே திரண்டது. மருமகளுக்குத் தெரியாமல் நானும் போனேன். ஏன் போனேன் என்று கேட்காதீர். நீர் இருந்தால் போயிருப்பீர், அவ்வளவுதான்.

கூட்டத்தின் வாலில் போய் நின்றேன். கூப்பிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். யாரை, என்னவென்று கூப்பிட? அத்தனை வருஷம் இவர்களை ஏற்றி இறக்கியும் எனக்கு ஒருவருடைய முறையும் தெரியாது. என்னிடம் கல்யாணமும் இல்லை, தட்டும் இல்லை, சொதியும் இல்லை. "போங்கய்யா, வீட்டுக்குப் போங்க" என்றேன். "பெருசு, ஒதுங்கும். மறைக்குது" என்றான் ஒருவன். அப்போது பிள்ளையைக் கையில் பிடித்திருந்த ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள். "பாபநாசம் வண்டி டிரைவர் அண்ணந்தான நீங்க?" என்றாள். எனக்கு அவளைத் தெரியவில்லை. "ஆமா தங்கச்சி. வா, போயிருவோம்" என்றேன். அவள் வந்தாள். அந்தப் பிள்ளையும் வந்தது. என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

நாங்கள் தெரு முனைக்கு வருவதற்குள் பெரிய கூச்சல். வெடியைக் கொளுத்தி உள்ளே போட்டிருக்கிறார்கள். அது மிரண்டு ஓடி, வளவுக்குள் இருந்த பாழுங்கிணற்றில் விழுந்துவிட்டது. வலை கொண்டுவந்தவர்களால் கிணற்றை நெருங்கவே முடியவில்லை. சுற்றிலும் ஆட்கள் குனிந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வெளியே எடுத்தபோது உயிர் இல்லை.

சாயங்காலம் செல்வி போன் செய்தாள். "மாமா, நீங்க போனியளா?" என்றாள். போனேன் என்றேன். பிறகு, "எங்க அத்த உங்ககிட்டப் பேசணுங்காவ" என்றாள்.

அந்தக் குரலை நான் வேறு மாதிரி நினைத்து வைத்திருந்தேன். தளர்ந்து போயிருந்தது. "அண்ணாச்சி, டிவியில பாத்தேன். அந்தக் கெணத்தச் சுத்தி நின்ன சனத்தையும் பாத்தேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "அன்னைக்கும் இப்படித்தான் நின்னாவளா? அதுக்குள்ளயா எம் மருமவ தட்டத் தூக்கிட்டுப் போனா?"

"ஆமாம்மா" என்றேன்.

போனை வைத்துவிட்டார் என்று நினைத்தேன். பிறகு, "நான் அவர வாசல்லயே நிக்க வச்சு அனுப்பிட்டேன் அண்ணாச்சி. அவரு அத மனசுல வச்சிருந்தாரா?" என்றார்.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. நீர் வெயிலில் நின்றபோது கேட்டிருக்க வேண்டிய கேள்வி. ஆஸ்பத்திரியில் நீர் சொன்னதை அப்படியே சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பக்கத்தில் செல்வி நின்றுகொண்டிருப்பாள், அவள் அந்த வீட்டில் இன்னும் வாழ வேண்டும் என்று நினைத்தேன். அந்த அம்மாளுக்கும் வயதாகிவிட்டது.

"இல்லம்மா. அவரு அதையெல்லாம் அன்னைக்கே மறந்துட்டாரு" என்றேன்.

அந்தப் பக்கம் அழுகிற சத்தம் கேட்டது. நான் போனை வைத்துவிட்டேன்.

நீர் மறக்கவில்லை. அது இப்போது எனக்கு மட்டும்தான் தெரியும், எனக்குப் பிறகு யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.